ஹாட் ராட் இதழ்களும் ஒரு ஃபால்கனின் செலவுக் கணக்கும்

ஒஹையோவில் உள்ள ஒரு ஜங்க்யார்டில், சக்கரங்கள் கழற்றப்பட்டு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்ற ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஒன்றின் அடியில் படுத்தபடி, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நான்கு பக்கங்களை மூன்றாவது முறையாக விரித்துப் படித்தேன். டிரைவ் ஷாஃப்டைப் பின் அச்சோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளின் தலையில் ஆறு முனைகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு முனைகள் இருக்கும் என்றும், அவற்றுக்கென்றே பன்னிரண்டு முனை கொண்ட 12 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றும், பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தார்கள். கொண்டுபோயிருந்தேன், நான்கும் கழன்றன. பக்கத்து வரிசையில் இதே அச்சுக்காக வந்திருந்த ஒருவர் சாதாரண சாக்கெட்டை வைத்துத் திருகிப் போல்ட்டின் தலையை மழுக்கிவிட்டு, என்னிடம் வந்து இரவல் கேட்டார்.

எக்ஸ்புளோரரின் பின் அச்சைக் கழற்றிப் பழைய காரில் பொருத்தும் அதே வேலையைப் பற்றி வேறோர் இதழ் வழவழப்பான தாளில் ஆறு பக்கங்களுக்கு எழுதியிருந்ததையும் நான் படித்திருக்கிறேன். அதன் முதல் படத்திலேயே பின் அச்சு ஏற்கெனவே கழற்றப்பட்டு, மணல் பீய்ச்சித் துரு நீக்கப்பட்டு, கறுப்பு வண்ணம் பூசப்பட்டு மேசையின் மேல் கிடந்தது. அது வண்டியிலிருந்து எப்படி வெளியே வந்தது, யார் சுத்தம் செய்தார்கள், அதற்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைப்பில் மட்டும் ‘குறைந்த செலவில்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் இடையே உள்ள தூரமே இந்த மதிப்புரையின் பொருள்.

சில ஆண்டுகளாக அமெரிக்க ஹாட் ராட் இதழ்கள், அதாவது பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவோருக்கான இதழ்கள், தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிக்கொள்கின்றன. லட்சக்கணக்கான டாலர் விழுங்கிய காட்சிக் கார்களை ஓரங்கட்டிவிட்டு, வீட்டுக் கொட்டகையில் சம்பளப் பணத்தை மிச்சம் பிடித்துக் கட்டப்படும் வண்டிகளுக்கு இடம் கொடுப்பதே அந்தத் திரும்புதல். ‘ஹாட் ராட்’, ‘கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ்’, ‘மாடர்ன் ராடிங்’ ஆகிய மூன்றையும் தொடர்ந்து வாங்கிப் படிக்கிறேன். இவற்றோடு, பழைய உதிரிபாகச் சந்தை ஒன்றில் பெட்டியோடு வாங்கிய ‘கார் கிராஃப்ட்’ பழைய இதழ்களும் என் கொட்டகை அலமாரியில் இருக்கின்றன. படித்ததைச் செய்து பார்ப்பதற்கு 1964ஆம் ஆண்டின் ஆறு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன் ஒன்றும் இருக்கிறது. ஆகவே நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லும் கருத்தாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்புவதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய வீடு எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1948 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் ஆர்மரி அரங்கில் நடந்த ஹாட் ராட் கண்காட்சியை ஒட்டி, ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் ‘ஹாட் ராட்’ இதழின் முதல் பிரதியை 25 சென்ட் விலைக்குக் கொண்டுவந்தார்கள். கண்காட்சி முடிந்த பிறகு பந்தயத் திடல்களுக்கும் எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கும் பீட்டர்சன் தானே பிரதிகளைச் சுமந்து சென்று விற்றார். அன்றைய வாசகர்களில் பெரும்பாலோர் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள். அவர்கள் ஓட்டியவை 1920களின் இறுதியிலும் 1930களிலும் வெளிவந்த ஃபோர்டு கார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, கிடைத்த பாகத்தை அறுத்து ஒட்டி, வேகத்துக்காக எடையைக் குறைத்த வண்டிகள். 1932இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய 65 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜின் அந்தத் தலைமுறையின் செல்லப்பிள்ளையானதற்கு அதன் அழகு காரணமல்ல. சாதாரணமானவர்களின் காரில் வந்த வி-8 அது ஒன்றே. பதினைந்து ஆண்டுகள் கழித்து அது எந்தக் காயலான் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வேலைக்கு ஆகும்.

அந்த நாள் இதழ்களில் விளம்பரம் கொடுத்தவர்களும் வெளியாட்கள் அல்லர். எடெல்பிராக் போன்றவர்கள் தாங்களே ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்துத் தங்களுக்காகச் செய்த பாகத்தைப் பிறகு அடுத்தவருக்கும் விற்றவர்கள். ஆசிரியராக வந்த வாலி பார்க்ஸ் பந்தயச் சங்கத்தில் இருந்து வந்தவர். 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியவரும் அவரே. டாம் மெட்லி வரைந்த ஸ்ட்ரோக்கர் மெக்கர்க் என்ற கேலிச்சித்திரப் பாத்திரம் ஒவ்வொரு இதழிலும் ஏதாவதொரு கோணங்கித்தனமான கருவியைக் கண்டுபிடித்து வாசகரைச் சிரிக்கவைத்தது. அந்தக் கோணங்கித்தனம் வாசகர்களின் கொட்டகையில் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது. 1953இல் ‘ராட் அண்ட் கஸ்டம்’ கையடக்க அளவில் வந்தது. அதே ஆண்டில் ‘ஹாங்க்!’ என்ற பெயரில் தொடங்கிய இதழ் சில மாதங்களிலேயே ‘கார் கிராஃப்ட்’ ஆனது.

எழுதுபவரும் படிப்பவரும் விளம்பரம் கொடுப்பவரும் ஒரே தெருக்காரர்களாக இருந்த அந்த உறவு எப்போது முறிந்தது என்று ஒரு நாளைக் குறிப்பிட முடியாது. ஆனால் எப்படி முறிந்தது என்பதை ஒரே ஒரு காரை வைத்துக் காட்டிவிடலாம். ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ இதழ் 1965இல் 250 டாலருக்கு ஒரு 1957 செவர்லே காரை வாங்கி, அதற்கு ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்று பெயரிட்டது. வாசகன் தன் வீட்டில் என்ன செய்ய முடியுமோ அதை முதலில் இந்த வண்டியில் செய்து காட்டுவதே நோக்கம். இன்ஜினை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். பிரேக்கை, சஸ்பென்ஷனை, உட்புறத்தை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருமுறை வண்டி புதுப்பிறவி எடுத்தது. கடைசியாக 2021இல் லாஸ் வேகாஸில் நடந்த கார் உதிரிபாக வணிகர்களின் சேமா கண்காட்சியில், தொழிற்சாலையின் ஆதரவோடு மின்மோட்டார் பொருத்தப்பட்டு அது மேடையேறியது. கைவினை என்ற வகையில் அந்த வண்டி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 250 டாலர் வண்டியாகப் பிறந்த ஒன்று, எந்தத் தனிமனிதனும் தன் பணத்தில் கட்ட முடியாத வண்டியாக முடிந்ததில் இந்த இதழ்களின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. இதழுக்குப் பாகங்கள் இலவசமாக வந்தன. வாசகனுக்கு அவை விலைப்பட்டியலாக வந்தன.

1980களிலும் 90களிலும் இந்தப் போக்கு உச்சத்துக்குச் சென்றது. அலுமினியப் பாளத்தைக் கடைந்து செய்த சக்கரங்கள், கண்ணாடியாய் மின்னும் வண்ணப்பூச்சு, பாய்ட் காடிங்டன் போன்ற பட்டறை முதலாளிகளின் கைவண்ணம் என்று அட்டைப்படங்கள் பளபளத்தன. டெட்ராய்ட் ஆட்டோரமா கார் கண்காட்சியில் வழங்கப்படும் ரிட்லர் விருதுக்குப் போட்டியிடும் வண்டிகள் மழையில் நனையக்கூடாத பொருட்களாகிவிட்டன. அதற்கு எதிர்வினையாகத் துருவோடு நின்ற ‘ரேட் ராட்’ (rat rod) வண்டிகள் வந்தன. அவற்றில் சில, துருவைப் பணம் கொடுத்து வரவழைத்துக்கொண்டவை என்பது தனிக்கதை.

பிறகு அச்சு உலகமே ஆட்டம் கண்டது. 2014இல் ‘பாப்புலர் ஹாட் ராடிங்’ நின்றது. ‘ராட் அண்ட் கஸ்டம்’ இதழும் அதே ஆண்டில் போனது. 2019 டிசம்பரில் ஒரே அறிவிப்பில், ஒரே பதிப்பகத்தின் 22 அச்சு இதழ்களில் 19 மூடப்பட்டன. ‘கார் கிராஃப்ட்’, ‘ஸ்ட்ரீட் ராடர்’ இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. மிஞ்சிய மூன்றில் ஒன்றான ‘ஹாட் ராட்’ 2024 முதல் காலாண்டிதழாகிவிட்டது. பாகங்கள் விற்பவர்களின் விளம்பரப் பணம் இணையத்துக்குப் போய்விட்டதால், இதழ்கள் வேறு வழியில்லாமல் வாசகனின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தத் திரும்புதலுக்கு மனமாற்றத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. காரணம் எதுவாக இருந்தாலும் வாசகனுக்கு லாபம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2012இல் ‘ஹாட் ராட்’ குழுவைச் சேர்ந்த டேவிட் ஃப்ரைபர்கரும் மைக் ஃபின்னகனும் ‘ரோட்கில்’ என்ற காணொளித் தொடரைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஒரு வண்டியை வாங்கி, கிடந்த இடத்திலேயே உயிர் கொடுத்து, அதிலேயே பல நூறு மைல் ஊர் திரும்ப முயல்வார்கள். வழியில் வண்டி நிற்கும், புகையும், சில நேரம் வீடு சேராமலே போகும். கட்டி முடித்த வண்டியைவிடக் கட்டத் தெரியாமல் தடுமாறும் மனிதனைப் பார்க்கவே கூட்டம் வந்தது. இதழாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது.

இனி இதழ்களுக்கு வருகிறேன்.

இன்றைய ‘ஹாட் ராட்’ கனமான தாளில், எடுத்துவைத்துப் படிக்கும் பொருளாக வருகிறது. அதன் மிகச் சிறந்த பக்கங்கள் ‘டிராக் வீக்’ பற்றியவை. 2005இல் தொடங்கிய இந்தப் போட்டியில், கால் மைல் பந்தயத்தில் ஓடிய அதே வண்டியை, உதவி வாகனம் எதுவும் பின்தொடராமல், அடுத்த பந்தயத் திடலுக்குப் பொதுச்சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மைல். இரவு பெட்ரோல் நிலையத்தின் விளக்கொளியில் கியர்பாக்ஸைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத போட்டியாளரிடம் சீல் ஒன்றைக் கேட்டு வாங்கும் மனிதர்களைப் படமெடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வண்ணம் பூசாத கதவு, வேறு நிறத்தில் ஒரு மட்கார்டு, கையால் எழுதிய எண் என்று வண்டிகள் வண்டிகளாகவே வருகின்றன. மனநிலை திரும்பிவிட்டது என்று இந்தப் பக்கங்களைக் கொண்டு தயங்காமல் சொல்வேன். கணக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எந்தக் கேம் ஷாஃப்ட், எந்த டர்போ, எத்தனை குதிரைத்திறன் என்று துல்லியமாகச் சொல்லும் கட்டுரை, மொத்தச் செலவு என்ற இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

கணக்கில் கெட்டியான இதழ் ‘கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ்’. 1984இல் டிம் சடார்ட் தொடங்கிய இந்த ஃபுளோரிடா இதழைக் கறாரான பொருளில் ஹாட் ராட் இதழ் என்று சொல்ல முடியாது. மியாட்டாவும் பிஎம்டபிள்யூவும் நிறைய வரும், வளைந்து வளைந்து ஓட்டும் ஆட்டோகிராஸ்தான் இதன் உயிர். ஆனால் கெய்ன்ஸ்வில் நகரில் இவர்கள் நடத்தும் 2000 டாலர் போட்டிக்கு இணையானது வேறெந்த இதழிடமும் இல்லை. வண்டியின் விலையும் அதில் போட்ட எல்லாப் பாகங்களின் விலையும் சேர்ந்து அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அந்த வண்டி கால் மைல் ஓட வேண்டும், ஆட்டோகிராஸில் திரும்ப வேண்டும், கடைசியில் நடுவர்களின் முன்னால் நின்று தன் வேலைப்பாட்டையும் காட்ட வேண்டும். போட்டியாளர் கையில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்: வாங்கியது, விற்றது, பண்டமாற்றாகக் கிடைத்தது எல்லாம் அதில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். வாங்கிய வண்டியிலிருந்து தேவையற்ற இருக்கைகளையும் சக்கரங்களையும் விற்று, அந்தப் பணத்தை வரவில் வைத்துக்கொள்வது ஒரு தனிக்கலை. இந்தப் போட்டியைப் பற்றிய கட்டுரைகளில் வரும் வரவுசெலவுப் பட்டியல்களைத்தான் நான் முதலில் படிக்கிறேன். காரின் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதே ஊற்றிலிருந்து பிறந்த இன்னொன்று, ஜே லாம் 2006இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’. அங்கே வரம்பு 500 டாலர். ஆனால் பிரேக், டயர், வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருள்கூண்டு முதலிய பாதுகாப்புச் செலவுகள் அதில் சேராது. உயிர் காக்கும் பொருளில் யாரும் கஞ்சத்தனம் செய்யக்கூடாது என்ற அந்த விதிவிலக்கை, குறைந்த செலவு என்று எழுதும் ஒவ்வோர் இதழும் தன் கட்டுரைகளிலும் கடைப்பிடிக்கலாம். பழைய பிரேக் குழாயை ‘இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்’ என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் படித்திருக்கிறேன். அது சிக்கனம் அல்ல.

‘மாடர்ன் ராடிங்’ 2020இல், மூடப்பட்ட இதழ்களிலிருந்து வெளிவந்த அனுபவசாலிகளால் தொடங்கப்பட்டது. படங்களும் அச்சும் கண்ணுக்கு விருந்து. ஆனால் குறைந்த செலவு என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு; அது தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை என்பதால் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பழைய ‘கார் கிராஃப்ட்’ பெட்டிக்கு வருவோம், ஏனென்றால் நான் அதிகம் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். கசங்கிய தாள், மங்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள், முந்தைய உரிமையாளரின் கட்டைவிரல் கிரீஸ் ஓரங்களில். எந்த ஆண்டின் எந்த வண்டியில் எந்தப் பாகம் இருக்கும், அதை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சொல்லிக்கொடுப்பதில் அந்த எழுத்தாளர்களுக்கு ஈடு இல்லை. அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டதால், எக்ஸ்புளோரரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சுக்கான குறியீடு ‘டி’ என்ற எழுத்தில் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே அடியில் புகுந்தேன். தொடங்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை. இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் மூடியில் உள்ள போல்ட் ஒன்றில் தொங்கும் சிறு உலோகத் துண்டையும் துடைத்துப் பார்த்தேன். 3க்கும் 73க்கும் நடுவே ‘எல்’ என்ற எழுத்து இருந்தது. 3.73 கியர் விகிதம், லிமிடெட் ஸ்லிப். அந்தத் துண்டைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சி, அச்சை வெளியே இழுத்தபோதுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் பழைய இதழ்களை வேதமாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் நிச்சயம். ஃபால்கனுக்கும் பழைய மஸ்டாங்குக்கும் முன்சக்கர டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் 1975 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு கிரனாடாவிலிருந்து கழற்றிக்கொள் என்று அவை சொல்லும். அன்று எந்த யார்டிலும் கிரனாடா வரிசையாகக் கிடந்தது. இன்று நான் சுற்றிய யார்டுகளில் ஒன்றில்கூட இல்லை. அதை வைத்திருப்பவர் அரும்பொருள் விலை சொல்கிறார். மஸ்டாங் 2 வண்டியின் முன்சஸ்பென்ஷன் கதையும் இதுவே. 1970களில் மலிவாக அறுத்தெடுத்தது, இப்போது அதே வடிவத்தில் புதிதாகச் செய்து பெட்டியில் வைத்து விற்கப்படுகிறது; பெயர் மட்டும் காயலான் கடையுடையது, விலை கடைத்தெருவுடையது.

முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு இங்கேதான் வேலை. 1948இன் இளைஞன் 1932 ஃபோர்டைத் தேடிப் போனது அது பழம்பெருமை வாய்ந்தது என்பதற்காக அல்ல. அவன் காலத்துக் குப்பையில் அதிகமாகக் கிடைத்தது அதுதான். ஆகவே அடிமட்டத்துக்குத் திரும்புகிறோம் என்று சொல்லும் இதழ், 1932 ஃபோர்டைத் துருவோடு படமெடுத்துப் போடுவதால் எங்கும் திரும்பிவிடாது. இன்றைய யார்டில் எது குவிந்து கிடக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எக்ஸ்புளோரரின் பின் அச்சு அப்படிப்பட்டது: 1995 முதல் 2001 வரை டிஸ்க் பிரேக்கோடு வந்தது, சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறத்தாழ 59.5 அங்குலம். போலீஸ் பணியிலிருந்து கழிக்கப்பட்ட கிரவுன் விக்டோரியா கார்களில், 2003 முதல் 2011 வரையிலானவற்றின் முன்சஸ்பென்ஷன் முழுவதும் ஓர் அலுமினியச் சட்டத்தில் கட்டுப்பட்டு அப்படியே இறங்கி வரும். பழைய பிக்கப் வண்டிகளுக்கு அதை மாற்றிப் பொருத்துவோர் பெருகிவிட்டார்கள். இவற்றைப் பற்றி அளவுகளோடு எழுதும் இதழே 1948இன் வாரிசு.

இந்த வகையில் இதழ்கள் சலிக்காமல் எழுதும் பொருள் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி-8 இன்ஜின். 1999 முதல் லட்சக்கணக்கான பிக்கப் வண்டிகளில் வந்த இந்த இரும்பு இன்ஜின் எந்த யார்டிலும் கிடைக்கும், அடித்தாலும் உடையாது. இதன் சிறிய உடன்பிறப்பான 4.8 லிட்டர் இன்ஜினில் இரண்டு டர்போக்களைப் பூட்டி, ‘ஹாட் ராட்’ நடத்திய சோதனை ஒன்றில் 1000 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்துக்காட்டினார்கள். படிக்கப் படிக்கச் சுவையான கட்டுரை. ஆனால் ‘யார்டு விலை இன்ஜின்’ என்ற அந்தச் சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. பிக்கப்பின் எண்ணெய்த் தொட்டி ஆழமானது, பழைய காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், மாற்ற வேண்டும். மேலே உள்ள காற்றுக் குழாய்த் தொகுதி உயரமானது, பானெட் மூடாது. கார்புரேட்டருக்குப் போதுமான ஐந்தாறு பிஎஸ்ஐ அழுத்தம் தரும் எரிபொருள் பம்ப் இங்கே உதவாது. 58 பிஎஸ்ஐ வேண்டும், அதாவது புது பம்ப், புதுக் குழாய், மிஞ்சிய எரிபொருள் திரும்பிவரும் வழி. வயர் கட்டை அவிழ்த்துத் தேவையற்றதை நீக்க வேண்டும். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை அணைக்காவிட்டால் இன்ஜின் முனகிவிட்டு நின்றுவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த இன்ஜினுக்கென்றே சொன்னது போலிருக்கும். அதற்காக அது கெட்ட யோசனை என்று நான் சொல்லவில்லை. சுமைகூலியையும் சேர்த்து அச்சிடும் கட்டுரையை நம்பலாம் என்று மட்டும் சொல்கிறேன். இன்ஜினின் விலையை முதல் பத்தியில் போட்டுவிட்டு, மற்றதை ‘இனி உங்கள் கற்பனைக்கு’ என்று முடித்த கட்டுரைகள் என் அலமாரியில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

இன்னொரு குறை, பெரும்பாலான இதழ்களுக்குப் பொதுவானது: துரு. இந்த இதழ்மரபு தெற்குக் கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்தது. அங்கே மழை குறைவு, சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இல்லை; ஐம்பது வயது வண்டியின் போல்ட்டுகூடக் கையால் திருகினால் கழன்றுவிடும். ஒஹையோவிலோ மிச்சிகனிலோ இருபது குளிர்காலங்களைப் பார்த்த வண்டியில் ‘நான்கு யு-போல்ட்டுகளைக் கழற்றவும்’ என்ற வரி, ஒரு வரி அல்ல, ஒரு பிற்பகல். ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே அடித்துவிட்டுக் காத்திருப்பது, காஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடேற்றுவது, எதுவும் பலிக்காதபோது கிரைண்டரை எடுத்து அறுத்துவிடுவது என்று அதற்கொரு நடைமுறை இருக்கிறது. யார்டில் கிரைண்டருக்கும் டார்ச்சுக்கும் அனுமதி இல்லாதபோது அதற்கும் வேறொரு நடைமுறை இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்தவர்கள் இதழ்களில் எழுதாமல் இல்லை. எழுதுவோரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ‘ஒரு வார இறுதியில் முடிக்கலாம்’ என்று தலைப்பிடும் ஆசிரியர், எந்த மாநிலத்து வார இறுதி என்பதையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

என் ஃபால்கனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை என்றாலும் அந்த ஆறு பக்க வழவழப்புக் கட்டுரையை நம்பித்தான் இந்த வேலையை முதலில் முடிவு செய்தேன். அச்சின் இடப்பக்கக் குழாய் நீளம், வலப்பக்கம் குட்டை. இடப்பக்கத்தில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அறுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்புளோரரிலிருந்து எடுத்த குட்டை ஷாஃப்டைப் போட்டால் டிஃபரன்ஷியல் நடுவுக்கு வந்துவிடும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. ஸ்பிரிங் அமரும் பீடங்களை அறுத்தெறிந்து புதியவற்றை வெல்ட் செய்ய வேண்டும் என்பதும் இருந்தது. இல்லாதது ஒன்று. எக்ஸ்புளோரர் சக்கரத்துக்கு ஐந்து போல்ட். வி-8 ஃபால்கனுக்கும் ஐந்து. ஆறு சிலிண்டர் ஃபால்கனுக்கு நான்கு. பின்னால் ஐந்து துளைச் சக்கரமும் முன்னால் நான்கு துளைச் சக்கரமுமாக ஜாக்கியின் மேல் நின்ற வண்டியைப் பார்த்து என் மகள், ‘ரெண்டு காரை ஒட்டியிருக்கியாப்பா?’ என்று கேட்டாள். ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்கு என்பது அவளுடைய அடுத்த கேள்வி. முன்பக்கத்தை முழுவதும் மாற்ற ஆன செலவு, பின் அச்சின் விலையைப் போல நான்கு மடங்கு. பழைய சொல்லில் ஏட்டுச் சுரைக்காய் என்றால் என்ன என்று எனக்கு அன்று விளங்கியது. ‘ஆறு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க’ என்று ஒரு வரி போட்டிருந்தால் கறிக்கு உதவியிருக்கும்.

சட்டைப் பையில் இருந்த நான்கு பக்கங்களில் அந்த வரி இருந்தது. நான் அதை வாங்கியது தாமதமாக, அவ்வளவுதான்.

சந்தா கட்ட நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. இதுவரை ஸ்பேனரைக் கையில் எடுக்காமல், இந்த உலகத்தைப் படித்து ரசிக்க மட்டும் விரும்புபவர் ‘ஹாட் ராட்’ வாங்கலாம்; ஆண்டுக்கு நான்கு இதழ், நிதானமாகப் படிக்க ஏற்றது. கையில் வண்டியும் குறைந்த பணமும் உள்ளவர், தன் வண்டி எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும், ‘கிராஸ்ரூட்ஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ்’ வாங்கட்டும். அந்தப் போட்டிக் கணக்குகளைப் படித்துவிட்டுத் தனக்கும் ஒரு கணக்கேடு போடட்டும். பழைய ‘கார் கிராஃப்ட்’ எங்காவது பெட்டியோடு கிடைத்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் சொல்லப்படும் பாகம் இன்றும் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைப் பிரிக்க வேண்டும். கடையில் நின்று ஓர் இதழைப் புரட்டுபவர், குறைந்த செலவுக் கட்டுரை ஒன்றை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம்: தேவைப்படும் கருவிகளின் பட்டியல், வெளியாளுக்குக் கொடுத்த கூலி, தவறாகிப்போன ஒன்றைப் பற்றிய ஒப்புதல். மூன்றில் இரண்டு இருந்தால் வாங்கிவிடுவேன்.

ஃபால்கன் இப்போது நான்கு சக்கரத்திலும் ஐந்து போல்ட்டோடு நிற்கிறது. டிரைவ் ஷாஃப்டை நீளம் குறைக்கக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கேட்டில் அந்த வரிக்கு எதிரே தொகையை இன்னும் எழுதவில்லை.